கொசுவின் பத்தாவது நாள்

கொசுவால் பரவும் நோய்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இந்தக் கொசுக்களைப் பூண்டோடு ஒழிக்க ஒரு வழி கண்டுபிடிக்க மாட்டார்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நியாயமான ஆத்திரம். 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் 5,97,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த எண்ணை வாசித்துவிட்டு யாரும் கொசுவின் பக்கம் நின்று பேச முடியாது.

ஆனாலும் இந்தத் துறையின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. இதுவரை கிடைத்த பெரிய வெற்றிகளில் மிகச் சிலவற்றைத் தவிர, எதுவும் கொசுவை ஒழித்ததால் வந்ததல்ல. கொசுவுக்கு வயதாகவிடாமல் செய்ததால் வந்தவை. அறிந்தோ அறியாமலோ விஞ்ஞானிகள் துரத்திக்கொண்டிருப்பது கிழட்டுக் கொசுவை.

காரணம் எளியது. மலேரியாவைப் பரப்பும் எந்த அனாஃபிலிஸ் கொசுவும் அந்த நோயோடு பிறப்பதில்லை. முட்டை வளர்ச்சிக்கு இரத்தம் தேடி வரும் பெண் கொசு, நோயாளி ஒருவரைக் கடிக்கும்போதுதான் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதன் வயிற்றுக்குள் போகிறது. போன உடனே அடுத்தவருக்குப் பரவிவிடாது. வயிற்றுச் சுவரைத் துளைத்து, அதன் வெளிப்புறத்தில் ஒரு கூடு கட்டி, அதற்குள் பெருகி, கூடு வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். தட்பவெப்பத்தைப் பொறுத்து இதற்கு 10 முதல் 14 நாட்கள் ஆகும். டெங்கு வைரஸுக்கும் ஏடிஸ் கொசுவின் உடலுக்குள் ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் பிடிக்கும். வெளியே வாழும் கொசுக்களில் பெரும்பாலானவை அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதே இல்லை. பறவை, பல்லி, சிலந்தி, காற்று, வறட்சி, நம் கை என்று ஏதோ ஒன்று முந்திக்கொள்கிறது. நோயைப் பரப்புவது தப்பிப் பிழைத்து முதுமை எட்டிய ஒரு சிறுபான்மைதான்.

ஒரு கொசுவுக்கு என்ன வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாணவப் பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை. கொன்ற கொசுவின் கால்களையும் இறக்கைகளையும் நீக்கிவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீரில் வைப்பார்கள். ஓர் ஊசியால் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றோர் ஊசியால் வயிற்றின் கடைசிக் கண்ணிகளை மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். கை சற்று நடுங்கினாலும் அறுந்துவிடும். சரியாக இழுத்தால் வெளிறிய இரண்டு சினைப்பைகள் உருவிக்கொண்டு வரும். அவற்றின் மேல் ஓடும் நுண்ணிய மூச்சுக்குழல்களின் நுனிகள் இறுகச் சுருண்டு நூற்கண்டுபோல் இருந்தால், அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத இளம் கொசு. ஒருமுறை சினைப்பை பருத்துச் சுருங்கிவிட்டால் அந்தச் சுருள்கள் நிமிர்ந்துவிடும், மறுபடி சுருளாது. இன்னும் நுட்பமான கை உள்ளவர்கள், முட்டைக் குழலின் காம்பில் விழுந்திருக்கும் முடிச்சு முடிச்சான வீக்கங்களை எண்ணி, அது எத்தனை முறை முட்டையிட்டிருக்கிறது என்றே சொல்லிவிடுவார்கள். சோவியத் நாட்டின் ஆய்வாளர்களான பொலொவொதோவாவும் டெட்டினோவாவும் வளர்த்தெடுத்த முறைகள் இவை. ஓர் ஊரில் மருந்து தெளித்த பிறகு பிடிபடும் கொசுக்களில் சுருள் நிமிர்ந்தவை குறைந்துவிட்டால், கொசுவின் எண்ணிக்கை குறையாமல் இருந்தாலும், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இப்போது இதே வேலைக்கு அகச்சிவப்புக் கதிர்களைப் பயன்படுத்த முயல்கிறார்கள். உலர்ந்த கொசுவின் மேல் கதிரைச் செலுத்தி, அதன் மேலுறையின் வேதிப்பொருள்களைக் கணினியிடம் வாசிக்கக் கொடுத்து வயதைக் கணிக்கும் முறை அது. தான்சானியாவின் இஃபகாரா சுகாதார நிறுவனமும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் அதில் முன்னணியில் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கொசுவிடம் நன்றாகத் தேறும் கணிப்பு, வெளியில் பிடித்த கொசுவிடம் தடுமாறுகிறது. இருந்தாலும் சரியான திசையில் எடுத்துவைத்த அடி என்றே நினைக்கிறேன்.

காலக்கணக்கு இந்தக் கதைக்குள் நுழைந்தது இராணுவ மருத்துவரான ரொனால்ட் ராஸின் மேசையில். 1897 ஆகஸ்ட், செகந்தராபாத். கொசுக்கள் பறந்துவிடும் என்று விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வியர்வையில் துருவேறிய திருகாணிகளும் விரிசல் விட்ட கண்ணாடியும் கொண்ட ஒரு நுண்ணோக்கியின் முன் ராஸ் உட்கார்ந்திருந்தார். உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா என்ற கூலிக்குத் தன் உடலைக் கொடுத்திருந்தார். 16ஆம் தேதி அவர் இரத்தத்தைக் குடித்த கொசு ஒன்றை 20ஆம் தேதி அறுத்துப் பார்த்தபோது, வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட வட்டமான உயிரணுக்கள் தெரிந்தன. அதுவே கண்டுபிடிப்பு என்று பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மறுநாள் நடந்தது. மிஞ்சியிருந்த கொசுவை 21ஆம் தேதி அறுத்தார். அதே உயிரணுக்கள் இன்னும் பெரிதாக இருந்தன. முதல் நாள் பார்த்தது கொசுவின் உறுப்பில் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் பருத்திருக்கிறது என்றால் அது உயிரோடு வளரும் ஒட்டுண்ணி. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி உமிழ்நீர்ச் சுரப்பிவரை போய்ச் சேரும் முழுப் பாதையையும் அவர் தொடர்ந்து பார்த்தார். மனித மலேரியாவுக்கு அதே பாதையை இத்தாலியில் விலங்கியலாளர் கிராஸியின் குழு உறுதி செய்தது. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானுக்கும், கூடவே உழைத்த முகமது பக்ஸுக்கும் வரலாற்றில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. அந்த வரியையாவது விடாமல் எழுத வேண்டும்.

கொசு முழுவதும் அழியத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே போனால் நோய் தானாக அணைந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவரும் ராஸ்தான். அந்தக் கணக்கின் கூர்மையான முனையைக் கண்டவர் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1950களில் அவர் காட்டியதை நாமே போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்துக்கு ஒன்று வீதம் கொசுக்கள் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 கொசுக்களில் பத்தாவது நாள் முடிவில் சுமார் 35 மிஞ்சும். அந்த இழப்பு பத்துக்கு இரண்டாக உயர்ந்தால் மிஞ்சுவது சுமார் 11. பத்துக்கு மூன்றானால் மூன்றே கொசுக்கள். அதோடு முடியவில்லை. மிஞ்சிய கொசுக்களும் அதற்குப் பிறகு குறைந்த நாட்களே வாழும் என்பதால், ஆபத்தான கடிகள் இன்னும் வேகமாகக் குறைகின்றன. குட்டைகளைத் தூர்த்துக் கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் நோய்ப்பரவலும் ஏறத்தாழப் பாதியாகும். தினசரி இறப்பைப் பத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டாக்கினாலோ பரவல் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு முழுத் துறையின் போக்கைத் திருப்பிவிட்ட கணக்கு இது.

வீட்டுச் சுவர்களில் தெளித்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் இரத்தம் குடித்த அனாஃபிலிஸ், வயிற்றுக் கனம் தாங்காமல் அருகிலுள்ள சுவரில் உட்காரும். சுவரில் பூசிய மருந்து கால்வழியே ஏறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் தேடும் கொசு, ஒட்டுண்ணி முதிர்வதற்குள் நான்கு முறையாவது அந்தச் சுவரைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதிக் கொசுக்கள்தான் செத்தன என்றாலும், நான்காவது சுவரைத் தாண்டுவது பதினாறில் ஒன்றுதான்.

இந்தப் பலத்தை நம்பி 1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் மலேரியா மறைந்தது. சகாராவுக்குத் தெற்கே இருந்த ஆப்பிரிக்காவைத் திட்டம் பெரும்பாலும் தொடவே இல்லை. அந்தப் புறக்கணிப்பின் விலையைத்தான் மேலே சொன்ன குழந்தைகள் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1963இல் அங்கே பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வேலை முடிந்தது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968-69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவில் விழுந்தார்கள். 1969இல் உலக ஒழிப்புத் திட்டமே கைவிடப்பட்டது. ஆனால் இலங்கை கைவிடவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவிலும் வடக்கிலும் கிழக்கிலும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இரத்தச் சோதனை செய்துகொண்டே இருந்தன. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி ஒருவர்கூட இல்லை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இந்தத் துறையில் மருந்தைவிட விடாப்பிடி எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சுவர் செய்த வேலையைப் பிறகு மருந்து தோய்த்த கொசுவலை செய்தது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட சுமார் 66 கோடி மலேரியாத் தொற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால் தடுக்கப்பட்டவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை எளிய பொருளுக்கு இத்தனை பெரிய பலன் மருத்துவத்தில் அரிது. பிறகு கொசுக்கள் வலையில் இருந்த பைரித்ராய்டு மருந்துக்குப் பழகின. இப்போது வலையில் இரண்டாவதாக குளோர்ஃபெனாபிர் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். பழைய மருந்து நரம்பைத் தாக்கியது. இது உயிரணுவுக்குள் ஆற்றல் உற்பத்தியாவதையே நிறுத்துகிறது. தான்சானியாவில் நடந்த சோதனையில், பழைய வலைகளோடு ஒப்பிட்டால் இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளின் மலேரியாவை இது 44 சதவீதம் குறைத்தது. இதற்கும் கொசு ஒருநாள் பழகிவிடலாம். அதனால் ஒரே மருந்தையே உலகம் முழுக்கப் பல்லாண்டுகள் தொங்கவிட்ட பழைய தவறு மறுபடி நடக்கக் கூடாது.

டெங்குவில் வலை அவ்வளவாக உதவாது. ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கும். அதன் முட்டைகள் தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, ஒரு மழையில் உயிர்க்கும். இங்கேதான் வோல்பாக்கியா வருகிறது. இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான கதை அதுதான்.

வோல்பாக்கியா, பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. 1924இல் க்யூலெக்ஸ் கொசுவில் கண்டுபிடித்தார்கள். பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் அது இருக்கிறது. ஏடிஸ் எஜிப்டியில் இயல்பாகக் கிடையாது. தாயின் முட்டை வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குப் போகும். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரிக்கும். இந்த ஒரு தந்திரத்தால், ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டால் சில மாதங்களில் அங்குள்ள கொசுக்கள் அனைத்திலும் பரவிவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஸ்காட் ஓநீல் இதைக் கையில் எடுத்தபோது அவர் தேடியது வைரஸைத் தடுக்கும் சக்தியை அல்ல. பழ ஈயின் ஆயுளைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வகை வோல்பாக்கியா இருந்தது. அதை ஏடிஸுக்குள் புகுத்தினால் டெங்கு வைரஸ் முதிர்வதற்குள் கொசு செத்துவிடும் என்பதுதான் அவர் கணக்கு. மெக்டொனால்டின் கணக்கேதான். ஈயிலிருந்து எடுத்த பாக்டீரியாவை, கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் கொசு முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தி நிலைபெறச் செய்யப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. ஆயிரக்கணக்கான முட்டைகள் வீணாயின. 2009இல் ஆயுள் குறைந்த கொசு கிடைத்தது. கூடவே யாரும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது: வோல்பாக்கியா குடியேறிய கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகவே இல்லை. ஆயுளைக் குறைத்த வகை கொசுவை மிகவும் நலிவாக்கியதால் வெளியில் நிலைக்கவில்லை. அதைவிட மென்மையான மற்றொரு வகை, கொசுவை வாழவிட்டு வைரஸை மட்டும் முடக்கியது. அதைத் தாங்கிய கொசுக்களை 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் விட்டார்கள்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில்தான் இது உண்மையான பரீட்சைக்கு உட்பட்டது. அடி உதாரினி என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியையின் தலைமையில் நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் வோல்பாக்கியா கொசுவின் முட்டைகளை வைத்தார்கள். முட்டையும் தண்ணீரும் வைத்த சிறு வாளிகள், சம்மதித்த மக்களின் வீடுகளில் இருந்தன. கொசு வளர்க்க இடம் கொடுங்கள் என்று கேட்டு, அதற்கு ஆம் என்ற பதிலைப் பெறுவது எவ்வளவு பெரிய காரியம்! வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகப் பேசித்தான் அதைப் பெற்றார்கள். 2021இல் வெளியான முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைந்தது, மருத்துவமனையில் சேர வேண்டியவர்கள் 86 சதவீதம் குறைந்தார்கள். இதற்கும் எல்லை உண்டு. கடும் வெப்பத்தில் இந்த வகை வோல்பாக்கியா கொசுவின் உடலில் குறைந்துபோகிறது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிலைப்பதில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. அங்கே வோல்பாக்கியா உள்ள ஆண் கொசுக்களை மட்டும் விட்டு, முட்டை பொரிக்காமல் செய்து எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். பலன் கிடைக்கிறது, ஆனால் விடுவதை நிறுத்த முடியாது. எனக்கு யோக்யகர்த்தாவின் வழியே பிடித்திருக்கிறது.

மக்களிடம் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1969இல் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, மலட்டு ஆண் கொசுக்களை விடும் ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இது உயிரியல் போருக்கான ஒத்திகையோ என்ற சந்தேகம் பத்திரிகைகளில் கிளம்பி நாடாளுமன்றம்வரை போனது. டெல்லிக்கு அருகிலுள்ள சோனேபட்டில் கொசு விடும் திட்டம் ரத்தானது; 1975இல் பிரிவே மூடப்பட்டது. அங்கிருந்த விஞ்ஞானிகள் திறமையானவர்கள். ஆனால் எதற்கு, யாருக்காக என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லப்படாதபோது சந்தேகம் அந்த இடத்தை நிரப்பியது. இன்று ஜீன் டிரைவ் என்ற தொழில்நுட்பம் அதே வாசலில் நிற்கிறது. சாதாரண மரபணு பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். இது ஏறக்குறைய எல்லோருக்கும் போகும்படி திருத்தப்பட்டது. 2018இல் லண்டனில் அந்திரேயா கிரிசாந்தியின் குழு இதன்மூலம் கூண்டிலிருந்த அனாஃபிலிஸ் கூட்டங்களை 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அழித்துக்காட்டியது. கொசுவை உண்மையிலேயே பூண்டோடு ஒழிக்கக்கூடிய வழி இதுதான். அதனாலேயே இதை வெளியே விடும் முடிவு ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்படக் கூடாது. புர்கினா ஃபாசோவில் ஜீன் டிரைவ் இல்லாத மலட்டு ஆண் கொசுக்களை முன்னோட்டமாக விட்டுப் பார்த்த திட்டத்தையே அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. ஆராய்ச்சி தொடர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் எந்தக் கிராமங்களின் மேல் அந்தக் கொசு பறக்கப்போகிறதோ, அவர்களின் சம்மதம் இறுதிக் கட்டச் சடங்காக இருக்கக் கூடாது.

தடுப்பூசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கு 1937லேயே மேக்ஸ் தைலர் உருவாக்கிய ஊசி இன்றும் நிகரற்றது. மலேரியாவுக்கு முதல் தடுப்பூசி 2021இல்தான் பரிந்துரைக்கப்பட்டது. அதன் ஆராய்ச்சி 1987இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் புனேயின் சீரம் நிறுவனமும் தந்த இரண்டாவது ஊசி 2023இல் வந்தது. டெங்குவுக்கு நான்கு வகை வைரஸ்கள் இருப்பது பெரிய சிக்கல். ஒரு வகைக்கு எதிராக உருவான அரைகுறை எதிர்ப்பு, இன்னொரு வகை தாக்கும்போது நோயைக் கடுமையாக்கிவிடலாம். பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடப்பட்ட டெங்குத் தடுப்பூசி, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது. அந்த அதிர்ச்சியில் மற்ற தடுப்பூசிகளின் மேலிருந்த நம்பிக்கையும் அங்கே சரிந்தது.

இதற்கிடையில் கொசுவும் இடம் மாறுகிறது. தெற்காசிய நகரங்களின் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி 2012இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அதுவரை மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்த அந்தச் சிறிய நாட்டில், 2020இல் நோயாளிகள் 70,000ஐத் தாண்டினார்கள். அது எத்தியோப்பியாவுக்கும் சூடானுக்கும் பரவிவிட்டது. ஆப்பிரிக்காவின் மலேரியா இதுவரை பெரும்பாலும் கிராமத்து நோய். நகரங்களுக்குள் புகுந்து, தொட்டிகளில் வளர்ந்து, வீட்டுக்கு வெளியிலும் கடிக்கும் இந்தக் கொசுவைச் சுவர் மருந்தும் வலையும் மட்டும் நிறுத்தாது.

வெளியில் கடிக்கும் கொசுவை எட்ட இன்னொரு வழி சோதிக்கப்படுகிறது. அதுவும் கொசுவின் வயதைக் குறிவைப்பதுதான். ஆற்றுக் குருட்டு நோய்க்கும் யானைக்கால் நோய்க்கும் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் ஐவர்மெக்டின் மாத்திரையை உட்கொண்டவரின் இரத்தத்தைக் குடிக்கும் கொசு சில நாட்களில் செத்துவிடுகிறது. கென்யாவின் குவாலே மாவட்டத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் ஊருக்கே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கொசுவலை ஏற்கெனவே இருந்த இடம் அது. 5 முதல் 15 வயதுக் குழந்தைகளில் புதிய மலேரியாத் தொற்றுகள் 26 சதவீதம் குறைந்தன என்று 2025இல் முடிவு வெளியானது. மொசாம்பிக்கில் இணையாக நடந்த சோதனையைப் புயலும் அதன் பின்விளைவுகளும் குலைத்துவிட்டன. 26 சதவீதம் சிறிய எண்தான். ஆனால் வலையில் சிக்காத, சுவரில் உட்காராத கொசுவிடமிருந்து கழித்த 26 அது. மாட்டையும் கடித்துப் பிழைக்கும் கொசுவுக்காகக் கால்நடைகளுக்கும் அதே மருந்தைக் கொடுக்கலாமா, எத்தனை மாதம் கொடுக்கலாம், எந்த மழைக்கு முன் தொடங்குவது என்ற கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. வெளிநாட்டு உதவிப் பணம் சுருங்கிவரும் இந்த ஆண்டுகளில், அந்தச் சோதனைகளுக்கான பணம் மட்டும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.